எண்ணாத நாள்கள்

டெட்ராய்ட்,
அக்டோபர் 4, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புதன்கிழமை இங்கே தலை எண்ணும் நாள். அக்டோபர் முதல் புதனன்று வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அதை வைத்துத்தான் மிச்சிகன் மாநிலப் பள்ளிகளுக்கு வரும் அரசுப் பணத்தில் பெரும்பங்கு முடிவாகிறது. எங்கள் தெருமுனை நடுநிலைப் பள்ளியில் அன்று பீட்சா பெட்டிகள் வந்திறங்கின. ஒரு பிள்ளையும் லீவு போட்டுவிடக் கூடாதே என்று பல பள்ளிகள் இப்படிச் செய்கின்றன.

எனக்கு உன் பள்ளியின் ஆகஸ்ட் 1 ஞாபகம் வந்துவிட்டது. அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தானே உங்களுக்குப் பணியிட நிர்ணயம்? ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். குறைந்தால் யாரோ ஒருவர் 'உபரி'. மே மாத வெயிலில் நீ நம்மூர்ப் பேகம்பூர்ச் சந்துகளிலும் நாகல் நகரிலும் சேர்க்கை நோட்டீசோடு வீடு வீடாக ஏறி இறங்குவது அதனால்தான்.

தெருமுனையில் இருப்பது சார்ட்டர் பள்ளி. பணம் அரசுடையது, நிர்வாகம் தனியாருடையது, கட்டணம் கிடையாது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். இந்த நாட்டில் இதற்கு முதல் சட்டம் 1991இல் மினசோட்டாவில் வந்தது. உன்னுடையதைப் போன்ற நம்மூர் அரசு உதவிபெறும் பள்ளிக்கோ 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையிலேயே வேர் இருக்கிறது.

டெட்ராய்ட்டில் அரசுப் பணத்தில் படிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இன்று சார்ட்டர் பள்ளிகளில். அரசே நடத்தும் பள்ளியில் ஒரு வகுப்பிலிருந்து நாலு பேர் அங்கே போனால் அவர்களுக்கான பணமும் கூடவே போகிறது. டீச்சர் சம்பளமும் ஹீட்டர் செலவும் அப்படியே நிற்கின்றன. ஊரை விட்டே வெளியேறிய குடும்பங்களும் ஏராளம். 2000க்குப் பிறகு 15 ஆண்டுகளில் இங்கே மூடப்பட்ட பள்ளிகள் ஏறக்குறைய 200. பூட்டிய கட்டடங்களைக் கடந்து போகும்போதெல்லாம் நம்மூர் நினைப்பு வயிற்றைப் பிசைகிறது.

ஜூலையில் வந்தபோது உன் ஏழாம் வகுப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேனே. பூட்டுப் பட்டறைக்காரர் மகன், வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர் மகள், வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பெண், நூல் மில் வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். அவனுக்கு 'ழ' வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண் பென்சிலோடு அவன் கையைப் பிடித்து, அடியில் சுழித்துச் சுழித்து மூன்று முறை எழுத வைத்தாள். நாலாவதை அவனே எழுதினான். ஆகஸ்ட் 1 கணக்கில் அவன் ஒருவன். அந்த வகுப்பு அவனுக்குக் கொடுத்தது அந்தக் கணக்கில் ஏறாது.

ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்தது பெரிய காரியம். புதன்கிழமைப் பீட்சா வியாழக்கிழமை இல்லை. உங்கள் உப்புமாவும் கிச்சடியும் பள்ளி நாளெல்லாம் உண்டு. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. தம்பியைச் சாப்பிட உட்கார்த்திவிட்டு ஆறாம் வகுப்பு அக்கா வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகிறாள் என்று நீ போனில் சொன்னாயே, அது மனதை விட்டு அகலவில்லை. எட்டாம் வகுப்பு வரை அந்தத் தட்டு நீள வேண்டும். எண்ணும் நாளில் பிள்ளையை வரவழைத்துவிடலாம். எண்ணாத நாள்களிலும் அவன் வந்தால்தான் அது பள்ளி.

நாளை மறுநாள் காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிறது. அந்த ஒடிசாப் பையன் ஊரிலிருந்து திரும்பிவிட்டானா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் தம்பி