கஞ்சியும் காப்பியும்

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில், பி.டி. உஷா விநாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தது நம் தலைமுறையினர் அனைவரும் அறிந்ததே. அவர் ஓடி முடித்தது 55.42 விநாடியில், மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனை 55.41. பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நேர்காணலில் அவர் கூறிய செய்திதான் எங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒலிம்பிக் கிராமத்து அமெரிக்க உணவு ஒவ்வாமல் கஞ்சியும் ஊறுகாயுமாக நாட்களைக் கழித்தாராம். கடைசி 35 மீட்டரில் தம் வலு குன்றியதற்கு அதுவே காரணம் என்றார்.

நாங்கள் நால்வர். நாற்பதைக் கடந்த பெண்கள். புத்தகங்களைப் பற்றிப் பேசக் கூடியவர்கள், எப்படியோ ஞாயிறுதோறும் இருபது கிலோமீட்டர் ஓடுபவர்களாகிவிட்டோம். கஞ்சி மாவுச்சத்துதானே, அதில் என்ன குறை என்று எங்களுக்குள் வாதம் எழுந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஓட்டத்தில் தசையின் கிளைக்கோஜன் முற்றிலும் தீர்ந்துவிடாது என்பது உண்மை. ஆனால் கஞ்சியில் பெரும்பகுதி நீர். தொடர்ந்து சில நாட்கள் அதை மட்டுமே உண்டு தகுதிச் சுற்றுகளையும் ஓடியவருக்குக் குறைந்தது சத்தின் வகையைவிட அளவே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இதே அளவுப் பிரச்சினையை ஆய்வுக்கூடத்திலும் கண்டிருக்கிறார்கள். 1995இல் கனடாவில் டார்னோபோல்ஸ்கி குழுவினர், பயிற்சி பெற்ற ஆண்கள், பெண்கள் இருசாராருக்கும் உணவில் மாவுச்சத்தின் பங்கை 75 விழுக்காடு வரை உயர்த்தினர். ஆண்களின் தசையில் கிளைக்கோஜன் கூடியது; பெண்களிடம் கூடவில்லை. பெண்ணுடல் சேமிக்காது என்று முடிவுகட்ட இதுவே போதுமாயிருந்தது. பின்னர் அதே குழுவினர் பெண்களுக்கு மொத்த உணவையும் கூட்டிக் கொடுத்துப் பார்த்தனர், சேமிப்பு உயர்ந்தது. சிறிய தட்டில் முக்கால் பங்கு என்பது சிறிய அளவுதானே! எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தில் உட்காருகிற வழக்கமுள்ள வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு, இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை.

காப்பிக்கு வருவோம். 1978இல் அமெரிக்காவில் காஸ்டில் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், 330 மில்லிகிராம் காஃபீன் அருந்திய சைக்கிள் வீரர்கள் சோர்ந்து விழும்வரை 90 நிமிடங்கள் மிதித்தனர். அது இல்லாதபோது 75 நிமிடங்கள். பங்கேற்ற ஒன்பது பேரில் பெண்கள் இருவர். இந்தத் துறையில் நெடுங்காலம் நிலவிய விகிதம் ஏறத்தாழ இப்படித்தான். மூளைக்குக் களைப்பை உணர்த்தும் அடினோசினின் இடத்தைக் காஃபீன் அடைத்துக்கொள்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் போதும் என்கிறார்கள். 2004 முதல் போட்டிகளில் அதற்குத் தடையும் இல்லை. ஒரு டம்ளர் ஃபில்டர் காப்பியில் எத்தனை மில்லிகிராம் என்பது மட்டும் டிகாக்‌ஷன் இறக்குபவரின் மனநிலையைப் பொறுத்தது.

ஆனால் கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்ணின் உடலில் காஃபீன் தங்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மாலை ஓட்டத்துக்கு முன் குடித்த காப்பி நள்ளிரவிலும் விழித்திருக்கும். உணவோடு சேர்த்துக் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதையும் காப்பி குறைக்கிறது. மாதந்தோறும் இரும்பை இழப்பவர்களுக்கு இது சிறு செய்தியன்று.

எங்களில் ஒருத்தி விடியலில் வெறும் காப்பியுடன் ஓடி, எடை குறையுமென்று காலையுணவையும் தள்ளிப்போட்டு வந்தாள். மூன்று மாதம் மாதவிலக்கு நின்றது. வயதின் காரணம் என்றே அனைவரும் சொன்னோம். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "நீங்கள் ஓடுகிற அளவுக்குச் சாப்பிடுவதில்லை" என்றார். உழைப்புக்கு ஈடாக உண்ணாத உடல் எலும்பையும் ஹார்மோனையும் விட்டுக்கொடுக்கும் இந்நிலைக்கு ஒலிம்பிக் குழு 2014இல்தான் தனிப்பெயர் சூட்டியது.

இப்போது அவள் இரண்டு இட்லி தின்ற பிறகே வாசலைத் தாண்டுகிறாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டுமாம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. இடுப்புப் பையில் இரண்டு பழம் வைத்திருப்பாள். மூன்றாவது கிலோமீட்டரிலேயே நாங்கள் ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுகிறோம் என்பது அவளுடைய தீராத புகார்.