பழைய டயரும் புதிய கரியும்

போகியன்று விடியற்காலையில் தெருத்தோறும் தீ மூட்டுதல் நம் நாட்டு வழக்கம். யாம் பள்ளிச் சிறுவராயிருந்த காலத்து, பழம் பாயும் முறமும் எரிப்பதோடு அமையாது, பஞ்சர் ஒட்டும் கடையின் பின்புறம் கிடந்த டயர்களையும் உருட்டிவந்து தீயிலிட்டோம். கரும்புகை பனைமர உயரம் எழக் கண்டு கைகொட்டி ஆர்ப்பரித்தோம். அன்று பகல் முழுதும் எம் பாட்டியார் மூச்சுத் திணறித் திண்ணையிற் சாய்ந்திருந்தார். “என்ன அப்பா கொளுத்தினீர்கள்?” என்று அவர் வினவ, “பழம் பாய்தான், பாட்டி” என்று பொய் கூறினோம். அப்புகையும் அப்பொய்யும் இன்றளவும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பின்னர் இரசாயனம் பயிலப் புகுந்தபோதுதான், அன்று யாம் வானிற் பறக்கவிட்டது யாதென விளங்கிற்று. ரப்பர் மரத்தின் பால் வெண்மையானது. ஆதியிற் செய்த டயர்களும் வெளிர் நிறத்தனவே. நுண்ணிய கரித்தூளைக் கலந்த பின்னரே அவை எளிதில் தேயாத உறுதி பெற்றன. இக்காலத்து டயரின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அக்கரியேயாம். மேலும், 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் கண்ட முறைப்படி, கந்தகம் ரப்பரின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கின்றது. ஆதலின் டயரை மெழுகுபோல் உருக்கி மீண்டும் வார்த்தல் இயலாது. சாலையில் அதற்குப் பெருமை தந்த உறுதியே, குப்பையில் நமக்குத் தொல்லையாயிற்று.

அத்தொல்லை சிறிதன்று. கானடா தேசத்து ஹேகர்ஸ்வில் என்னும் ஊரில் 1990 பிப்ரவரியில் சுமார் 1 கோடியே 40 லட்சம் டயர்கள் அடங்கிய குவியல் தீப்பற்றி 17 நாள் எரிந்தது. எரியாது கிடப்பினும் அவற்றில் மழைநீர் தேங்கி, டெங்குக் காய்ச்சல் பரப்பும் கொசுக்கள் பெருகும்.

நம் ஊர்ப்புறங்களிற் கரிமூட்டம் போடுவோர் விறகை மண்ணால் மூடிக் காற்றுப் புகாது புழுங்கவைத்துக் கரி எடுப்பதை அறிவீர்கள். டயருக்கும் அவ்வழியே உண்டு. காற்றில்லாக் கலத்தில் 400 முதல் 600 பாகை வரை சூடேற்றின், அது எண்ணெயாகவும் வாயுவாகவும் கரியாகவும் பிரியும். எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கரியாக எஞ்சும். ஆயின் ரப்பர் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. வெளியே மூட்டிய அனல் உள்ளே செல்லத் தாமதிக்கும்.

இவ்விடத்தே நுண்ணலை துணை செய்கின்றது. 1945-ல் ரேடார்க் கருவியின் அருகே நின்ற பெர்சி ஸ்பென்ஸர் என்பார், தம் சட்டைப்பையிலிருந்த மிட்டாய் உருகக் கண்டதன் பயனே இன்றைய நுண்ணலை அடுப்பு. ரப்பர் தானாக இவ்வலைகளை அதிகம் ஏற்பதில்லை. அதனுட் கலந்த கரியோ நன்கு ஏற்கும். கரியிலுள்ள எலெக்ட்ரான்கள் அலைக்கேற்ப அசைந்து அவ்விடத்தையே சூடாக்க, டயர்த் துண்டு உள்ளிருந்தே வேகின்றது. எம் பாட்டியாரின் மூச்சை அடைத்த அக்கருமையே, டயரை மீட்கும் வாயிலாகவும் அமைந்திருத்தல் வியப்பன்றோ!

குறைகளையும் மறைத்தல் தகாது. கிடைக்கும் கரியில் துத்தநாகமும் கந்தகமும் சாம்பலும் கலந்திருப்பதால், தூய்மை செய்யாமல் அது புதுக் கரித்தூளுக்கு ஈடாகாது. உள்ளிருக்கும் எஃகுக் கம்பியை முன்னரே நீக்காவிடின் தீப்பொறி பறக்கும். மின்செலவும் உண்டு. வீட்டு அடுப்பில் இதனைச் சோதிக்க எண்ணும் தம்பியர் அவ்வெண்ணத்தை இப்பொழுதே கைவிடுவாராக.

தேய்ந்த டயர்களை மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பை, அவற்றைச் செய்வோர் மீதும் இறக்குமதி செய்வோர் மீதும் 2022-ஆம் ஆண்டின் இந்திய விதிகள் சுமத்தியுள்ளன. நம்மேலும் ஒரு பொறுப்புண்டு. வரும் போகியில் தெருப்பிள்ளைகள் டயரை உருட்டிவரின், அதனை வாங்கி வைத்து, அதனுள் இருப்பது யாதென அவர்களுக்கு எடுத்துரைப்போமாக. பாட்டியாரிடம் உண்மை கூறும் காலம் கடந்துவிட்டது. யாம் செலுத்தக்கூடிய கடன் இஃதொன்றே.