முளை அடிக்க ஒரு துண்டு மண்

கிராமப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் தோழி போனில் சொன்னாள்: "என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியோட அம்மா கயித்து மேல நடக்கிறவங்க. இந்த வாரம் சந்தையில வித்தை காட்டறாங்க. வந்து பாரு." விழுப்புரம் மாவட்டத்து வாரச்சந்தை அது. நான் போனபோது ஆட்டு வியாபாரம் முடியும் நேரம். கருவாட்டுக் கடைகளுக்குப் பின்னால், புளியமரத்தடி மண்தரையில் மூங்கில்கள் கிடந்தன.

நான்கு பேர் கொண்ட குழு. கணவர் மேளம் அடிக்கிறார், கொழுந்தன் குட்டிக்கரணம் போடுகிறார், அந்தப் பெண் கயிற்றில் நடக்கிறார். எழுபதைத் தொட்ட மாமனாரின் பொறுப்பு முளை அடிப்பது. தொம்பர் சமூகத்தினர், வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ்.

"இன்னும் ஏன் ஆரம்பிக்கல?" என்று கேட்டேன்.

"ஆடு வித்தவன் கையில இப்பதாங்க்கா காசு வருது. டீ குடிச்சிட்டு வரட்டும். நடந்துகினு போறவன் காசு போட மாட்டான். நிக்கிறவன்தான் போடுவான்" என்றார் அந்தப் பெண்.

இந்தத் தொழிலின் முதல் பாடமே இடமும் நேரமும்தான். மக்கள் அவசரமாகக் கடக்கும் வழியில் வித்தை எடுபடாது. வேலை முடிந்து, கையில் சில்லறையோடு மனிதர்கள் சற்று ஓயும் இடம் வேண்டும். கயிற்றையும் தெற்கு வடக்காகத்தான் கட்டுகிறார்கள். காலை வெயில் நடப்பவரின் கண்ணில் நேராக அடிக்கக் கூடாது.

மேளம் ஒலித்ததும் முதலில் ஓடி வந்தவர்கள் குழந்தைகள். கொழுந்தன் அவர்களை முன்வரிசையில் வட்டமாக உட்காரவைத்தார். பிள்ளைகள் உட்கார்ந்தால் அதுவே எல்லைக்கோடு. பெரியவர்கள் தாமாகவே பின்னால் நின்றுவிடுகிறார்கள். சிறிய இரும்பு வளையத்துக்குள் உடம்பை நுழைத்து எடுக்கும் வித்தை முடிவதற்குள் கூட்டம் நான்கைந்து வரிசையாகிவிட்டது.

என் கண் மாமனாரான பெரியவரிடமே இருந்தது. இருபுறமும் இரண்டிரண்டு மூங்கில்களைக் கத்திரிபோல் குறுக்கே கட்டி நிறுத்தி, அவற்றின் மேல் கயிற்றை ஓட்டி, இரு முனைகளையும் தரையில் அடித்த இரும்பு முளைகளில் இழுத்துக் கட்டியிருந்தார். முளையை நேராக அடிக்கவில்லை. கயிறு இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடித்தார். மண் பொருபொருவென்று இருந்த இடத்தை விட்டுவிட்டு இரண்டடி தள்ளி மறுபடி அடித்தார். சம்மட்டி விழும் ஓசையைக் கேட்டே உள்ளே மண் கெட்டியா, கல்லா என்று சொல்லிவிடுகிறார்.

"கயிறு தாங்குதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. முளைதாம்மா தாங்குது. அது அரை விரக்கடை அசைஞ்சா மேல இருக்கிற பொண்ணு கீழ வந்துடும்."

அவர் கையிலிருந்த முளைகள் அவருடைய அப்பா காலத்தவை. இன்று அவற்றை அடிக்க மண் இல்லை என்பதுதான் பெரியவரின் துயரம். பேருந்து நிலைய வாசலில் சிமென்ட், கோயில் குளக்கரையில் பேவர் பிளாக், கடைத்தெருவில் ஓரம் வரை தார். அவர் இளமையில் ஆடிய ஊர்கள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போனது இப்படித்தான். தரையை மூடியவர்களில் ஒருவருக்கும் இவர்கள் நினைவு வந்திருக்காது.

அந்தப் பெண் ஏறினார். கையில் நீண்ட கம்பு, தலையில் மூன்று சொம்புகள். பிறகு சைக்கிள் ரிம்மைக் கயிற்றில் வைத்து, அதற்குள் பாதத்தை ஊன்றி உருட்டியபடி நகர்ந்தார். சங்க நூலான நற்றிணையின் 95ஆம் பாடலில் ஆடுமகள் முறுக்கேறிய கயிற்றில் நடக்கிறாள், வாத்தியங்கள் முழங்குகின்றன. அவ்வளவு பழைய கலை புளியமரத்தடியில் என் கண்முன் நடந்தது.

ஐந்து வயதில் கயிறு ஏறியவர் அவர். பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததில்லை. ஒருமுறை விழுந்து இடது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. கட்டு அவிழ்த்த மாதமே மறுபடி ஏறியிருக்கிறார். தன் மகளை மட்டும் ஏற்றுவதில்லை. "அது படிக்கட்டும்க்கா. பெரிசான பிறகு ஆசை இருந்தா கத்துக்கட்டும்." அவர் எடுத்த முடிவு சரியானது. கலையைக் காப்பதற்காக ஒரு குழந்தையின் கல்வியைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

கடைசி வித்தைக்கு முன் மேளம் நின்றது. தட்டு சுற்றுக்கு வந்தது. முடிந்த பிறகு கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். வெறும் தட்டில் யாரும் முதலில் போடுவதில்லை என்பதால் தங்கள் பணத்திலேயே இருபது ரூபாயை அதில் வைத்திருந்தார்கள். மேளத்தின் பக்கவாட்டில் க்யூஆர் அட்டையும் ஒட்டியிருந்தது. அன்று சேர்ந்தது எழுநூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். சந்தைக் குத்தகைக்காரரின் ஆள் தரைக்காசு நூறு வாங்கிப் போனார். மூங்கில் ஏற்றிவந்த வண்டிக்கு இருநூறு. மீதியில் நான்கு பேர்.

தரகர்கள் பற்றிக் கேட்டபோது அந்தப் பெண்ணின் குரல் இறுகியது. கல்லூரி விழா, திருமண மண்டபம் என்று அழைத்துப் போகிறவர் தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பாராம். விழாக்காரர்களிடம் அவர் எவ்வளவு வாங்கினார் என்பது இவர்களுக்குத் தெரியாது. போனில் படம்பிடித்துப் போடுகிறவர்களிடமிருந்தும் இவர்களுக்கு எதுவும் வருவதில்லை. உயிரைக் கயிற்றில் வைப்பவர் ஒருவர், கணக்கைக் கையில் வைப்பவர் வேறொருவர். உழைப்பின் விலையை உழைப்பவரிடமே மறைப்பது திருட்டு. அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

சட்டமும் இவர்களை நல்ல கண்ணால் பார்த்ததில்லை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டபோது தொம்பரும் அதில் சிக்கினர். நாடு முழுவதும் அது நீங்கியது 1952இல்தான். 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சைத் தடுப்புச் சட்டமோ, பொது இடத்தில் பாடியும் ஆடியும் வித்தை காட்டியும் காசு பெறுவதைப் பிச்சையில் சேர்த்தது. அச்சட்டம் தில்லிக்கும் பொருந்தியது. பிச்சையைக் குற்றமாக்கிய அதன் பிரிவுகளை 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சிங்கப்பூரில் தேசியக் கலை மன்றம் தெருக்கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து அனுமதி வழங்குகிறது. ஆடிப் பாட இடங்களையும் குறித்துத் தருகிறது. நம் ஊராட்சிகளும் நகராட்சிகளும் இதைச் செய்ய முடியாதா?

ஒவ்வொரு சந்தையிலும் இருபதடிக்கு முப்பதடி மண்தரையை மூடாமல் விடுங்கள். அங்கே ஆடுகிறவரிடம் தரைக்காசு வாங்காதீர்கள். விழாவுக்கு அழைத்தால் தொகையைக் கலைஞர் கையிலேயே கொடுங்கள். வாசகர்களிடம் கேட்பது இன்னும் எளிது: வட்டத்தில் நின்று பார்த்தால், தட்டு வரும்போது நகர்ந்து போகாதீர்கள். நீங்கள் பார்த்த வேலைக்கான கூலி அது.