முன்னொட்டு சொல்லித்தரும்போது

எதிர்ச்சொல் எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஹேப்பிக்கு அன்ஹேப்பி, ஆனஸ்டுக்கு டிஸ்ஆனஸ்ட்: இரண்டு மூன்று எழுத்தை முன்னால் ஒட்டினால் மதிப்பெண். தமிழில் ‘தெரியாது’, ‘வரவில்லை’ என்று மறுப்பு கடைசியில்தான் வரும். ஆங்கிலம் அதை முதலிலேயே சொல்லிவிடும். நீதி, அநீதி என்று பழகிய காதுக்கு அதுவும் புதிதல்ல.

சிக்கல் ‘இன்’னில் தொடங்குகிறது. பாஸிபிளோடு சேர்ந்தால் இம்பாஸிபிள், லீகலோடு இல்லீகல், ரெகுலரோடு இர்ரெகுலர். இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் கையேடுகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மரத்தோடு ‘கள்’ சேர்ந்தால் மரங்கள் ஆகிறதே, அங்கே மகர மெய் ஙகர மெய்யாவதை யாராவது மனப்பாடம் செய்தோமா? அடுத்து வரும் ஒலிக்கு வாய் முன்கூட்டியே தயாராகிறது, அவ்வளவுதான். லத்தீனிலேயே இப்படித் திரிந்து ஆங்கிலத்துக்கு வந்த ஒட்டு இது. ‘அன்’ ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. எழுத்தில் எதற்கும் வளையாது. அதனால்தான் அன்ஈக்வல் என்பவர்களே இன்ஈக்வாலிட்டி என்கிறார்கள், அன்ஜஸ்ட் என்பவர்களே இன்ஜஸ்டிஸ் என்கிறார்கள். இதற்கு விதி கேட்கும் மாணவரிடம், நிறையப் படி என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

இன்னொரு ‘இன்’னும் உண்டு; அதற்கு மறுப்புப் பொருளே கிடையாது. பெட்ரோல் டாங்கர் லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்றிருக்கும். எதிர்ச்சொல் பாடம் முடித்த பிள்ளை அதைத் ‘தீப்பிடிக்காது’ என்று படித்தால் குற்றம் பிள்ளையுடையதல்ல. அது தீமூட்டுவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான் அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் துறையினர் 1920களிலேயே ‘ஃப்ளேமபிள்’ போதும் என்று வற்புறுத்தத் தொடங்கினார்கள். தீப்பிடிக்காததற்கு ‘நான்ஃப்ளேமபிள்’.

‘அன்’னுக்கும் இரட்டை வேலை. அன்ஹேப்பியில் அது வெறும் மறுப்பு. அன்டையில் கட்டியதை அவிழ்ப்பது. ‘அன்லாக்கபிள்’ கதவு என்றால் பூட்டவே முடியாத கதவா, பூட்டைத் திறக்க முடிகிற கதவா? இரண்டுமே சரி. திருடனுக்கு எப்படியும் நல்லதுதான் என்று வகுப்பில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

‘போஸ்ட்போன்’ இருக்கிறதே என்று நம்மூர் அலுவலகங்களில் புழங்கும் ‘ப்ரீபோன்’ மட்டும் சிலருக்கு உறுத்தும். விடைத்தாளில் வந்தால் நான் சிவப்பு மை தொடுவதில்லை. ‘ப்ரீ’ என்ன செய்யும் என்று தெரியாதவரால் அதை உருவாக்கியிருக்க முடியாது.