டவுன்ஹால் ஸ்டாப்பில் இறங்கினால்

பொள்ளாச்சி ரோட்டுக் கிராமத்துக்காரர்களான எங்களுக்குக் கோயமுத்தூர் என்றால் உக்கடம் தாண்டி வரும் டவுன்தான். துரைமார் பங்களா கட்டி மரநிழலில் வாழ்ந்த ரேஸ்கோர்ஸ் வேறு உலகம். பஸ் ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி.

விக்டோரியா மகாராணியின் பொன்விழா நினைவாக எழும்பிய டவுன்ஹால் 1892-இல் கட்டியது. மாநகராட்சி மாமன்றம் இன்றும் அங்கேதான் கூடுகிறது. ஆனால், மகாராணியை நினைத்து அந்த ஸ்டாப்பில் இறங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் ஒப்பணக்கார வீதியில் ஜவுளி எடுக்க வேண்டும்.

அம்மாவைப் பெற்ற அமுச்சியோடு போனால் அரை நாள் ஆகும். கடைக்காரர் ஜமுக்காளத்தைத் தட்டி, "வாங்கம்மா, உக்காருங், பாப்பாளுக்குப் பாவாடைங்களா?" என்பார். "மொதல்ல வெலையச் சொல்லுங், அப்பறம் உக்கார்றனுங்" என்பாள் அமுச்சி. துணியைக் கசக்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்து நூலை இழுத்துப் பார்ப்பாள். மில்லும் தறியும் சூழ்ந்த ஊரில் துணியைப் பற்றி அவளை யாரும் ஏமாற்ற முடியாது. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் தொடங்கிய மில்லுக்குப் பிறகு இங்கே மில்கள் பெருகின. சம்பளம் போட்ட வாரம் இந்த வீதியில் கால் வைக்க இடம் இருக்காது.

எனக்குப் பிடித்தது வெரைட்டி ஹால் ரோடு. கோயமுத்தூர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரும் படச்சுருள்களும் வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் சொந்த ஊருக்கு வந்து வெரைட்டி ஹாலைக் கட்டினார். பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து ஊருக்கு மின்சாரம் வர இன்னும் பல வருஷம் இருந்தது. ஜெனரேட்டர் வைத்துப் படமும் ஓட்டி, மாவு மில்லும் ஓட்டினார். கையில் இருக்கும் மிஷினைச் சும்மா விடக்கூடாது என்பது கோயமுத்தூர்ப் புத்தி, வேறென்ன! பிற்பாடு அந்தத் தியேட்டருக்கு டிலைட் என்று பெயர் மாறியது. எங்கள் வீட்டார் அங்கே பார்த்த படங்களைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது.

வெள்ளைக்காரன் கட்டியதைவிடப் பழசு கோனியம்மன் கோயில். மாசித் தேர் ராஜ வீதியிலிருந்து புறப்பட்டு ஒப்பணக்கார வீதி வழியாக வரும். அன்றைக்கு அந்த வீதிகளில் பஸ்ஸுக்கு வழி கிடையாது.

டவுனைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அந்தச் சந்துகளில் நிறுத்த இடம் கிடைக்காது. நடந்தால் எல்லாமே கால் மணி நேரத் தூரம்தான்.