மலையிலிருந்து கடலுக்கு

பிரயாணம் போய் வந்தவர்கள்தான் கட்டுரை எழுதுவது வழக்கம். இன்னும் போகாத பிரயாணத்தைப் பற்றி இவன் எழுதுகிறானே என்று சங்கத்து நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். போய் வந்த பிறகு எழுதினால் வழியில் கண்டதைத்தான் எழுதுவேன்; ஏன் புறப்பட்டேன் என்பதை மறந்துவிடுவேன்.

காசிக்கு வந்து நிலவியல் எம்.எஸ்ஸி. வகுப்பில் சேர்ந்து எனக்கு இது இரண்டாம் ஆண்டு. விடுதியில் என் அறைத்தோழன் நேபாள நாட்டான். தாதிங் மாவட்டத்தில், மலேகு என்ற கடைத்தெருவுக்கு மேலே, திரிசூலி ஆற்றைப் பார்த்த சரிவில் அவன் வீடு இருக்கிறது. சென்ற மாசி மாதம் அவனுடைய தந்தை வைத்தியத்துக்காக வந்து எங்கள் அறையில் நான்கு இரவுகள் தங்கினார். முழங்கால் வலி, அதோடு மூச்சு இளைப்பும் உண்டு. இரவில் அவருக்குத் தூக்கம் வருவதே இல்லை. "இருபத்திரண்டு வருஷம் டில்லியில் ஒரு காலனியில் இராக்காவல் பார்த்தேன். இருட்டினால் கண் தானாகத் திறந்துகொள்கிறது" என்று ஹிந்தியில் சொன்னார்.

மூன்றாம் இரவு என் ஊரைப் பற்றி விசாரித்தார். நாகப்பட்டினம், கடற்கரை ஊர் என்றேன். மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கடல் இராத்திரியிலும் சத்தம் போடுமா?"

"போடும்."

"நிறுத்தவே நிறுத்தாதா?"

"நிறுத்தாது."

"அப்படியானால் அதுவும் இராக்காவல்காரன்தான்" என்று சிரித்தார். இருபத்திரண்டு வருஷம் இந்தியாவில் உழைத்தவர், ஒரு நாளும் கடலைக் கண்டதில்லை.

பிறகு கேட்டார்: "உங்கள் தெருவிலும் எங்கள் ஆள் ஒருவர் இருப்பாரே?"

"இருக்கிறார்."

"எந்த ஜில்லாக்காரர்? பெயர் என்ன?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. நடு இரவில் கேட்கும் விசிலும், தடியைத் தரையில் தட்டும் ஓசையும் என் பிள்ளைப் பிராயம் முழுவதும் கூடவே வந்தவை. மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நின்று சலாம் வைப்பார். "தம்பி, கூர்க்கா வந்திருக்கான் பாரு, அம்பது ரூபா குடு" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். எத்தனையோ தடவை என் கையால் கொடுத்திருக்கிறேன். பெயரை மட்டும் கேட்டதில்லை.

பெரியவர் புரிந்துகொண்டார். "பரவாயில்லை பேட்டா. எங்கள் காலனியில் என்னை பகதூர் என்றுதான் கூப்பிட்டார்கள். என் பெயர் அதுவல்ல" என்றார்.

நண்பர்களே, விடுதிக்கு வந்த புதிதில் நம்மை 'மதராஸி' என்று அழைத்தபோது நமக்கு எவ்வளவு ரோஷம் வந்தது! பெயர் சொல்லிக் கூப்பிடு என்று நானே ஒருவனோடு சண்டைக்குப் போயிருக்கிறேன். அந்த ரோஷம் அன்றிரவு என்னைப் பார்த்தே சிரித்தது.

மறுநாள் காலையில் தேசப்படத்தை விரித்தோம். பெரியவருக்குக் கடலைக் காட்டுவது என்று நானும் அறைத்தோழனும் தீர்மானித்தோம். நம் சங்கத்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர், நமக்கெல்லாம் அண்ணன் போன்றவர், தம் பழைய மாருதியோடு தாமும் வருவதாக ஒப்புக்கொண்டார்.

மலேகுவிலிருந்து சமவெளிக்கு இறங்க இரண்டு வழிகள் உண்டு. முக்லிங், நாராயண்காட் வழி சுலபமானது. ஆனால் 2024 ஜூலையில் பெய்த மழையில் அந்தச் சாலையில்தான் மலை சரிந்து இரண்டு பேருந்துகளைத் திரிசூலியில் தள்ளியது. மற்றொன்று நவ்பிசேயில் பிரியும் திரிபுவன் ராஜபாதை. இந்தியாவின் உதவியோடு 1956-இல் முடிந்த மலைச்சாலை அது. அதற்கு முன்பெல்லாம் காத்மாண்டுவில் ஓடிய கார்களைச் சுமைகூலிகளே தோளில் சுமந்து மலை ஏற்றினார்களாம்! வளைந்து வளைந்து 2,488 மீட்டர் உயரமுள்ள சிம்பஞ்யாங் கணவாயைத் தாண்டி ஹெடவுடாவில் இறங்க வேண்டும். மழை ஓய்ந்த கார்த்திகையில், பகல் வெளிச்சத்தில் மட்டும், இந்த வழியே வருவது என்று முடிவு செய்தோம்.

எல்லை பீர்கஞ்சில். அப்பால் நம் ரக்சால். 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பயனாக நமக்கோ அவர்களுக்கோ விசா தேவையில்லை. வாக்காளர் அட்டை போதும். ஆனால் காருக்கு அந்தச் சலுகை கிடையாது. நேபாளத்துக்குள் போகும் இந்திய வண்டி சுங்கச்சாவடியில் நாள் கணக்குக்குப் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். கடிகாரத்தையும் 15 நிமிஷம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். ரக்சாலிலிருந்து பாட்னா, கல்கத்தா, பிறகு கடல். எல்லாமாக ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். திரும்புகையில் அறைத்தோழன் தந்தையை ஹவுராவில் ரயிலேற்றி ரக்சால் வழியே வீடு சேர்ப்பான்.

எந்தக் கடற்கரை? கார் நேரே போய் நிற்கும் தீகா என்றோம் நாங்கள். பெரியவர் தொலைபேசியில் மறுத்துவிட்டார். "என் வீட்டுக்குக் கீழே ஓடும் ஆறு எங்கே போய்ச் சேருகிறதோ, அங்கே" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் நான் படித்த படிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. திரிசூலி, காளி கண்டகியோடு கூடி நாராயணியாகிறது. எல்லை தாண்டிக் கண்டக் என்ற பெயரில் பாட்னாவுக்கு எதிரே கங்கையில் கலக்கிறது. பரக்காவில் பிரியும் ஒரு பங்கு நீர் ஹூக்ளி வழியாகச் சாகர் தீவை அடைகிறது. ஆகவே முடிவிடம் கங்காசாகர். காரைக் காக்துவீப்பில் விட்டுப் படகேற வேண்டும். நீர் வற்றும் வேளையில் அங்கே படகு ஓடாது. ஆறு கொண்டுவந்த வண்டல் அப்படி மேடிட்டுக் கிடக்கிறது. அந்த வண்டலில் அவர் வீட்டு மலையின் மண்ணும் இருக்கும்! கடலுக்கடியில் அவ்வண்டல் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து இலங்கைக்குத் தெற்கேயும் போகிறது. நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே ஆழ்கடலின் அடியில் கிடப்பது இமயத்து மண் என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவன்தான் நான். அந்த மலையிலிருந்து இறங்கி என் தெருவைக் காத்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியவில்லை!

அம்மாவிடம் சொன்னேன். "மலையிலே காரா? ஒண்ணும் வேண்டாம். ஒழுங்காப் படிப்பைப் பாரு" என்றாள். பெரியவர் கேட்ட கேள்வியைச் சொல்லி, நம் கூர்க்காவின் பெயர் என்ன அம்மா என்று கேட்டேன். "பேரா? கூர்க்காதான்டா" என்றாள். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

மாதம் பிறந்தது. அம்மாவே கூப்பிட்டாள். "கேட்டேன்டா தம்பி. ரெண்டு பொண்ணாம். நம்ம தெருவுக்கு வந்து பதினெட்டு வருஷமாச்சாம். திண்ணையிலே உட்காரவச்சுக் காப்பி குடுத்தேன். பேரைக் கேட்டதும் அந்த மனுஷனுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு" என்றாள். பெயரையும் சொன்னாள். பிறகு, "மலையிலே மெதுவாப் போகச் சொல்லு. பெட்ரோலுக்கு ரெண்டாயிரம் அனுப்பறேன்" என்றாள்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நேரில் கூப்பிடுவதற்காக வைத்திருக்கிறேன்.