கூட்டம் போன பின்பு பத்மு



அப்போஸ்தலனாகிய யோவான் தேவவசனத்தினிமித்தம் சிறையிருந்த பத்மு தீவைக் காண வேண்டும் என்னும் வாஞ்சை உங்களில் பலருக்கு உண்டு. வேதாகமக் கல்லூரியில் வெளிப்படுத்தின விசேஷத்தைப் படித்த நாள்முதல் எனக்கும் இருந்தது. ஆனால் முதன்முறை அங்கே சென்றபோது நான் ஒன்றையும் காணவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுகிறேன்.

அன்று ஒரு சுற்றுலாக் குழுவை நடத்திச் சென்றேன். உல்லாசக் கப்பல் காலையில் ஸ்காலா துறைமுகத்தில் எங்களை இறக்கியது. எங்களோடு இறங்கிய திரளான ஜனங்கள் அனைவரும் ஒரே குகையை நோக்கி விரைந்தார்கள். குகைக்குள் எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நான் ஜெபிக்கவில்லை. என் குழுவினர் யாவரும் வந்துவிட்டார்களா என்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தத் துக்கம் வெகுகாலம் என்னைவிட்டு நீங்கவில்லை.

இரண்டாம் முறை மனைவியோடு தனியே சென்றேன். அப்பொழுது கற்றுக்கொண்டதை உங்களுக்கு எழுதுகிறேன்.

பத்முவில் விமான நிலையம் இல்லை. ஏதென்ஸ் அருகேயுள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பலில் ஏறக்குறைய 8 மணி நேரம் செல்ல வேண்டும். நள்ளிரவை ஒட்டிச் சேரும் கப்பல்களும் உண்டு. ஆகையால் தங்கும் அறையை முன்னதாகவே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களையும், கிரேக்கருடைய ஈஸ்டர் வாரத்தையும் தவிருங்கள். மே மாதமும் செப்டம்பர் பிற்பகுதியும் ஏற்றவை. இரண்டு இரவுகளாகிலும் தங்குங்கள். உல்லாசக் கப்பலில் வருகிறவர்கள் சில மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள்.

குகை, ஸ்காலாவுக்கும் மலைமேலுள்ள கோரா என்னும் ஊருக்கும் நடுவே இருக்கிறது. பேருந்தை விட்டு, பழைய கற்பாதையில் நடந்து ஏறுங்கள். திறக்கும் நேரத்தையும், மறுநாள் பெரிய கப்பல் வருமா என்பதையும் முந்தின நாளே விசாரித்து, கதவு திறக்கும்போதே அங்கிருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். அங்குள்ள படங்களும் விளக்குகளும் நம்முடைய வழக்கமல்ல. ஆயினும் அது அவர்களுடைய ஆராதனை ஸ்தலம். வேதம் தீவைச் சொல்லுகிறதேயன்றி குகையைச் சொல்லவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கோராவின் உச்சியில் 1088ஆம் ஆண்டு கிறிஸ்தோதுலோஸ் என்னும் துறவி நிறுவிய மடம், கோட்டையைப்போல நிற்கிறது. குகையும் மடமும் கோராவும் 1999 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கின்றன.

கூட்டம் அதிகம் ஏறாத இடம் ஒன்று உண்டு. எலியா தீர்க்கதரிசியின் பெயர் தாங்கிய 269 மீட்டர் குன்று அது. தீவின் மிக உயர்ந்த இடம். அங்கே நானும் என் மனைவியும் வெகுநேரம் அமர்ந்திருந்தோம். எப்பக்கம் திரும்பினாலும் கடல். நமக்கு அது அழகு. நாடு கடத்தப்பட்ட முதியவருக்கோ அது மதில். அந்தக் கடலுக்கு அப்பால்தான் எபேசுவும் அவர் நேசித்த சபைகளும் இருந்தன. புதிய பூமியில் கடல் இராது என்று அவர் ஏன் அத்தனை ஆவலாய் எழுதினார் என்பது அன்று என் இருதயத்தைத் தொட்டது. கல்லூரியில் படித்த எந்த விளக்கவுரையும் அப்படித் தொட்டதில்லை.

பிரியமானவர்களே, சொந்த ஊரையும் உறவையும் விட்டுத் தூர நகரத்தில் பிழைக்கிற உங்களில் அநேகர் அந்த மதிலை அறிவீர்கள். பத்முவுக்குப் போகக் கூடாதவர்களும் உண்டு. ஆனால் தலைகளை எண்ணாமல், கடிகாரத்தைப் பாராமல் தேவனோடு அமர்ந்திருக்க ஒரு மணி நேரம் எல்லாருக்கும் உண்டு. அதை இழந்துவிடாதிருங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக.